வெறும் வாசல்

ஸ்வர்ணலதா (மனசுக்குள்): கீழே பார்க்காதே கபாலி. என் முகத்தைப் பார்த்தே பேசு. கதவைப் பாரு, தெருவுக்கு மேலே போகிற கேபிள் கம்பியைப் பாரு. கீழே மட்டும் வேண்டாம். நான் படியில் இப்படிக் குறுக்கே நின்றால் புடவை வாசலை மறைக்குமா? மறைக்காது. இவ்வளவு அகல வாசல் என்று இத்தனை வருஷம் தெரியவே இல்லையே.

கபாலி: ...அதான்கா, இன்னிக்கு பெரிய கூட்டம். ஃபிரான்ஸ்காரங்க நாலு பேரு, மீதி பெங்களூரு. கொளத்தாண்ட நின்னு போட்டோ புட்சிகினு கீறாங்க. பெரியவரு ரெடியான்னு பாத்துட்டு போலாம்னு நான் முன்னாடி வந்தேன். அக்கா? நான் பேசிகினே கீறேன், நீ எங்கியோ பாக்குற?

ஸ்வர்ணலதா: கேட்டுட்டுதான் இருக்கேன். இன்னைக்கு வேண்டாம் கபாலி. அடுத்த தெருவுக்குக் கூட்டிட்டுப் போ.

கபாலி: அடுத்த தெருவுல இன்னா கீது? ஏடிஎம்மும் பார்சல் ஆபீசும். அத காட்றதுக்கா அவ்ளோ தூரத்துலேந்து வந்தாங்க? வர்றவங்க எல்லாம் செல்லுல படத்த காட்டி, 'விண்டோ தாத்தா எங்க, விண்டோ தாத்தா எங்க'ன்னுதான் கேக்குறாங்க. கோயிலுக்கு அடுத்தது உங்கப்பாதான் நம்ம ஹெரிட்டேஜ் வாக் டூர்ல.

ஸ்வர்ணலதா: அப்பாவுக்கு உடம்பு சரியில்ல.

கபாலி: இன்னா ஒடம்புக்கு?

ஸ்வர்ணலதா: சளி... ராத்திரி பூரா தூங்கலை. இப்பதான் கண் அசந்தார்.

கபாலி: அய்ய, ரேடியோ அந்த அலறு அலறுது. அதுல எப்டி தூங்குறாரு?

ஸ்வர்ணலதா: ரேடியோ இல்லன்னாதான் முழிச்சுப்பார். உனக்குத் தெரியாதா அவரை?

கபாலி: தெரியும், தெரியும். கடைல நின்ன மனுசன், சத்தத்துலியே வாழ்ந்தவரு. பித்தளை அண்டாவ தட்டித் தட்டி வித்தவராச்சே. அந்த கொரலுக்குத்தான்க்கா மவுசு. ஜன்னலாண்ட ஒக்காந்து கைய தூக்கி 'குட்மார்னிங்'னு ஒரு சவுண்டு உட்டாருன்னா, வெள்ளக்காரன் ஒரு அடி பின்னாடி போவான்.

ஸ்வர்ணலதா: நீ மட்டும் என்ன... அன்னைக்கு அந்தம்மாகிட்ட எங்கப்பாவைக் காட்டி என்ன சொன்னே? 'வெரி ஓல்டு, ஸ்டில் ஒர்க்கிங்'னு.

கபாலி: ஏன், தப்பா? பழைய ஃபேன் விக்கிற கடைல அப்டித்தான எழுதி வெப்பாங்க.

ஸ்வர்ணலதா: எங்கப்பா என்ன ஃபேனா?

கபாலி: பெரியவரே சிரிச்சாருக்கா!

ஸ்வர்ணலதா: ...ஆமா. சிரிச்சார்.

கபாலி: இன்னா, கண்ணு கலங்குது?

ஸ்வர்ணலதா: தூங்கலைன்னேனே. எரியுது.

கபாலி: சரி, ஒரு காபி குடேன், அதுக்குள்ள அவங்க வந்துருவாங்க.

ஸ்வர்ணலதா: பால் திரிஞ்சு போச்சு.

கபாலி: காலங்காத்தாலயா?

ஸ்வர்ணலதா: திரிஞ்சா திரிஞ்சதுதான், நேரம் பார்த்தா திரியும்? போடா, வேலையைப் பாரு.

கபாலி: ...

ஸ்வர்ணலதா (மனசுக்குள்): ஏன் பேச்சை நிறுத்தினான்? கண் எங்கே போனது? என் கால் பக்கமா? பக்கத்து வீட்டையா பார்க்கிறான்? ஆமாம், பக்கத்து வீட்டைத்தான்.

கபாலி: ...பட்டு மாமி இருந்த வூட்ட பாத்தியா, டூரிஸ்டு தங்க சோக்கா பண்ணிட்டாரு உங்க ஓனரு ஜவஹர் சாரு. வாசல்ல உருளி, உருளில பூவு. உள்ள ரூமுக்கு ரூம் ஏசி.

ஸ்வர்ணலதா: அந்த ஏசித் தண்ணியெல்லாம் எங்க முற்றத்துலதான் சொட்டுது. போன வாரம் அங்க தங்கினவன் ஒருத்தன் வழி தெரியாம எங்க வீட்டுக்குள்ள வந்துட்டான் கபாலி. நான் புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சிட்டு இருக்கேன், திரும்பினா ஆள் நிக்கிறான், செருப்போட. நான் கத்தினா, 'பரவாயில்ல, நீங்க பாட்டுக்கு வேலை செய்யுங்க'ன்னு கையைக் காட்டிட்டுப் படம் எடுக்கிறான். கொடியில என் உள்பாவாடை காயுது. அதையும் சேர்த்து எடுத்தான்.

கபாலி: அந்தப் படம் இந்நேரம் ஃபிரான்ஸ்ல எவன் வூட்டு ஹால்லயோ மாட்டி கீது.

ஸ்வர்ணலதா: சிரிக்காதே. நாங்க என்ன மிருகக்காட்சி சாலையில இருக்கோமா?

கபாலி: சரிக்கா, சிரிக்கல. ஆனா நான் இன்னா பண்றது சொல்லு. ஆட்டோல ஒருத்தனும் ஏற மாட்றான், எல்லாம் செல்லுல புக் பண்ணிக்கிறான். இவங்க வர்றதாலதான் என் வூட்ல அடுப்பு எரியுது. அவங்க வந்தா உனக்கு கஷ்டம், வரலன்னா எனக்கு கஷ்டம். இதுல யாரு நல்லவன்?

ஸ்வர்ணலதா: உன்னைச் சொல்லலைடா.

கபாலி: நெஜமா சொன்னா, வந்த விஷயம் வேற. ஜவஹர் சாரு இன்னிக்கு ஒரு பார்ட்டிய இட்டுகினு வர்றாரு.

ஸ்வர்ணலதா: ...யாரை?

கபாலி: ஓட்டல் கம்பெனி. பட்டு மாமி வூட்டையும் உன் வூட்டையும் சேத்து, நடு செவத்த இடிச்சிட்டு ஒண்ணா எடுத்துக்குறோம்னு கேக்குறான். சேந்து கெடச்சாதான் வேணுமாம். இல்லன்னா ராயப்பேட்டைல வேற ஒரு பழைய வூடு பாத்து வெச்சிகீறாங்க, இன்னிக்கே அத முடிச்சிட்டு போய்டுவாங்க.

ஸ்வர்ணலதா: இன்னைக்கா? இன்னைக்கேவா வரணும்?

கபாலி: பயப்படாத, கேளு. ஜவஹர் சாரு தெரு முன்னாடி சொன்ன வார்த்த ஒண்ணு கீது இல்ல? 'பெரியவரு இருக்குற வரைக்கும் அந்த வூட்டுல நான் கை வெக்க மாட்டேன்'னு. எப்டி இருந்தாலும் அத தாண்ட மாட்டாரு. பெரியவரு ஜன்னல்லேந்து ஒரு கைய தூக்குனா போதும், பார்ட்டி ராயப்பேட்டைக்கு போய்டும். அப்பால ஜவஹர் சாருக்கு வேற ஆளு கெடைக்க ஒரு வருசம் ஆவும், ரெண்டு வருசம் ஆவும். நீ நிம்மதியா தைச்சிகினு கெட.

ஸ்வர்ணலதா: இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னார்.

கபாலி: அதான்.

ஸ்வர்ணலதா (மனசுக்குள்): பயமாக இருக்கிறது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நங்கநல்லூரில் ஒரு அறை கேட்டுப் போனபோது 'தனியாவா இருப்பீங்க, யாருமே இல்லையா' என்று அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாளே, அந்தப் பார்வைக்கா? இல்லை. இந்த நேரத்தில் அந்தப் பார்வையை நினைக்கிறேனே, அதற்கு. என் மனசு இன்று காலையிலிருந்து எங்கெங்கே போகிறது என்று எனக்கே பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஷ்ரேயா: குட்மார்னிங் ஆன்ட்டி! கபாலிண்ணா, எல்லாரும் தெருமுனையில வெயிட்டிங். தாத்தா எங்க? ஜன்னல்ல காணோமே?

கபாலி: வாங்க மேடம். பெரியவருக்கு சொகமில்லியாம்.

ஷ்ரேயா: அச்சச்சோ! என்ன ஆன்ட்டி, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

ஸ்வர்ணலதா: சளிதான்மா. தூங்குறார்.

ஷ்ரேயா: எங்க டூர் கம்பெனி பேஜ்ல தாத்தா படத்தைப் பார்த்துட்டுத்தான் புக் பண்ணாங்க இவங்க. ஒரே ஒரு நிமிஷம் சேர்ல உட்கார வைக்க முடியாதா? பேசக்கூட வேண்டாம்.

ஸ்வர்ணலதா: முடியாதும்மா.

ஷ்ரேயா: கையைக்கூட...

கபாலி: மேடம், அதான் தூங்குறாருன்றாங்க இல்ல.

ஷ்ரேயா: ஓகே, ஓகே. ஸாரி ஆன்ட்டி, நான் ரொம்பக் கேக்கறேன். அப்போ கோலம் மட்டும்... ஐயோ, என்ன இன்னைக்குக் கோலமே காணோம்? பெருக்கக்கூட இல்லை போல இருக்கே. நேத்துப் போட்டதே பாதி தெரியுது.

ஸ்வர்ணலதா: இடுப்பு... குனிய முடியலை.

ஷ்ரேயா: நோ ப்ராப்ளம் ஆன்ட்டி! என் பையில பொடி இருக்கு, கலர்கூட இருக்கு. நம்ம கெஸ்ட்ல ஒரு லேடி கோலம் கத்துக்கணும்னு துடிக்கிறாங்க. நீங்க சும்மா நின்னு சொல்லிக் குடுங்க, அவங்களே போடட்டும். உங்க வாசல்ல ஒரு ஃபிரெஞ்சுக்காரங்க போட்ட கோலம்! வீடியோ எடுத்தா...

ஸ்வர்ணலதா: வேண்டாம்! ...வேண்டாம்மா. கத்திட்டேன், மன்னிச்சுக்கோ. வேண்டாம்.

ஷ்ரேயா: நான் புனேல வளர்ந்தவ ஆன்ட்டி. ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா? வெளியாளுங்க போடக் கூடாதா?

கபாலி: அப்டி ஒண்ணும் இல்ல மேடம். இன்னிக்கு நாளு சரியில்ல. எதுர் வூட்ல கேக்குறேன், அவங்க சந்தோசமா உடுவாங்க. அந்த வாசல்ல வெயிலும் விழாது, போட்டோ நல்லா வரும்.

ஸ்வர்ணலதா (மனசுக்குள்): நாள் சரியில்லை என்றா சொன்னான்? எதற்கு அப்படிச் சொன்னான்? வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். கபாலி எப்போதும் அப்படித்தான்.

ஷ்ரேயா: ஆன்ட்டி, ஒரு சின்ன ஹெல்ப். கெஸ்ட் ஒருத்தங்களுக்கு ரெஸ்ட்ரூம் போகணுமாம். உள்ள...

கபாலி: உள்ள வாணாம் மேடம்.

ஷ்ரேயா: எப்பவும் போவாங்களே?

கபாலி: தண்ணி வர்ல. லாரி வந்தாத்தான். கொளத்தாண்ட கட்டணக் கழிப்பறை கீது, நான் இட்டுகினு போறேன்.

ஷ்ரேயா: அட்லீஸ்ட் குடிக்கக் கொஞ்சம்...

கபாலி: இந்தாங்க, என் பாட்டில். சீல் பிரிக்கல.

ஸ்வர்ணலதா (மனசுக்குள்): எங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறது. ராத்திரி அவன் முன்னாலேயே தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டுப் போனதே அவன்தான்.

ஷ்ரேயா: ஒரு நிமிஷம்... ஓ, ஆலிவியே அனுப்பியிருக்கார். ஸோ ஸ்வீட்! ஆன்ட்டி, கவலையே படாதீங்க. எங்களுக்குத் தாத்தா படம் கிடைச்சாச்சு.

ஸ்வர்ணலதா: என்ன?

ஷ்ரேயா: அந்த உயரமான சார் இல்ல, அவர் முன்னாடியே இந்தப் பக்கம் நடந்து வந்திருக்கார். ஜன்னலோட மேல் கதவு திறந்திருந்ததாம். போனை மேல தூக்கி உள்ள ஒரு க்ளிக். 'எவ்ளோ அமைதியாத் தூங்குறார்'னு எழுதியிருக்கார்.

ஸ்வர்ணலதா: எடுத்தாரா? எதுக்கு எடுத்தார்? யாரைக் கேட்டு எடுத்தார்? காட்டு. அந்தப் படத்தைக் காட்டும்மா!

ஷ்ரேயா: ஆன்ட்டி, மெதுவா... இதோ. முகமே தெரியலை, பாருங்க. தூண் மறைக்குது. பாதம் மட்டும்தான். வெளிச்சம் அழகா விழுந்திருக்கு இல்ல? ஆமா, கால்ல என்ன வெள்ளையாக் கட்டியிருக்கு?

ஸ்வர்ணலதா: அது...

ஷ்ரேயா: ரிப்பன் மாதிரி.

ஸ்வர்ணலதா: அது வந்தும்மா...

கபாலி: வீக்கம் மேடம். வயசானவங்களுக்கு கால் வீங்கும், எண்ணெய் போட்டு துணில கட்டுவாங்க. குடுங்க பாக்கலாம். ம். அழிச்சிருங்க.

ஷ்ரேயா: ஏன் அண்ணா? நல்லாத்தானே இருக்கு?

கபாலி: அழிச்சிருங்க மேடம். அவரையும் அழிக்கச் சொல்லுங்க. சொகமில்லாத மனுசன படம் எடுத்தா நம்ம கம்பெனிக்கு கெட்ட பேரு. நாளைக்கு எவனாச்சும் எதாச்சும் எழுதுவான்.

ஷ்ரேயா: அதுவும் சரிதான். ஸாரி ஆன்ட்டி, இப்பவே சொல்லிடறேன். தாத்தாவைப் பார்த்துக்குங்க. அடுத்த வாரம் ஃப்ரூட்ஸ் வாங்கிட்டு வர்றோம், ஓகே? பை ஆன்ட்டி!

கபாலி: நீங்க முன்னாடி போங்க மேடம், நான் வந்துர்றேன்.

ஸ்வர்ணலதா: எடுத்தது ஒரு படம்தானே? வேற இல்லையே?

கபாலி: ஒண்ணுதான். நான் நின்னு அழிக்க வெக்கிறேன்.

ஸ்வர்ணலதா: சரி.

கபாலி: அந்த மேல் கதவ ஒரு அட்டைய வெச்சி அடைச்சிரு.

ஸ்வர்ணலதா: கீல் போயிடுச்சு. ஜவஹர் சார்கிட்ட சொல்லிச் சொல்லி...

கபாலி: அட்டைய வை போதும். நான் கெளம்புறேன்.

ஸ்வர்ணலதா (மனசுக்குள்): போகிறான். ஒருவழியாகப் போகிறான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய் உட்காரலாம். யாரையும் பார்க்க வேண்டாம். ஆனால் என்ன இது... தெருமுனை டீக்கடைக்குப் போவதென்றாலும் 'வர்றேன்கா, வர்றேன்கா' என்று நாலு தடவை சொல்கிறவன். நானே 'போயிட்டு வந்து தொலை' என்று கதவைச் சாத்தினால்தான் நகர்வான். இன்றைக்கு 'வர்றேன்' சொல்லவில்லையே.

ஸ்வர்ணலதா: கபாலி! நில்லு.

கபாலி: ...இன்னாக்கா.

ஸ்வர்ணலதா: நீ ஏன் சொல்லிட்டுப் போகலை?

கபாலி: சொன்னனே. கெளம்புறேன்னு.

ஸ்வர்ணலதா: வர்றேன்னு சொல்லலை.

கபாலி: மறந்துட்டேன்.

ஸ்வர்ணலதா: நீயா? என்னைப் பாருடா. எப்போ?

கபாலி: எது எப்போ?

ஸ்வர்ணலதா: வந்து நின்னப்பவேவா?

கபாலி: அக்கா, செல்லு அடிக்குது. இரு... ஜவஹர் சாரு.

ஸ்வர்ணலதா: எடுக்காதே.

கபாலி: எடுக்கலன்னா நேரா இங்க வந்து நிப்பாரு. கம்முனு இரு.

கபாலி (போனில்): வணக்கம் சார். தோ, அந்த வூட்டாண்டதான் கீறேன்... பெரியவரா? நல்லா கீறாரு சார். அவருக்கு இன்னா, நூறு அடிப்பாரு... இப்பதான் கஞ்சி குட்சிட்டு படுத்தாரு. லேசா சளி... ரேடியோ கேக்குது பாருங்க, அவருதான் வெச்சிகினு கீறாரு... கொளத்தாண்ட வந்துட்டீங்களா? அவ்ளோ சீக்கிரமாவா? ...சரி சார். வாங்க. வெளிய நின்னு பாருங்க, எழுப்ப வாணாம்... சரி சார்.

ஸ்வர்ணலதா: ஏன்டா பொய் சொன்னே?

கபாலி: பேசறதுக்கு நேரமில்ல. காரு உட எடம் தேடிகினு கீறாங்க. கோலப்பொடி டப்பா எங்க வெச்சிகீற? எட்தா.

ஸ்வர்ணலதா: எதுக்கு?

கபாலி: எதுக்குன்னா? அவரு ஏமாறுவாரு, கூட வர்றாளே அவரு பொண்டாட்டி, அவ ஏமாற மாட்டா. இந்தத் தெருல பொறந்தவ. வாசல பாத்தா போதும், உள்ள எட்டிக்கூட பாக்க மாட்டா. ஒரு சொம்பு தண்ணி தெளி. நாலு புள்ளி வெச்சி நாலு கோடு இழு. அவ்ளோதான் வேணும். அவங்க பாப்பாங்க, பெரியவரு தூங்குறாருன்னு நான் சொல்வேன், பார்ட்டி ராயப்பேட்டைக்கு போவும். அப்பால... அப்பால எது வேணா பண்ணிக்கலாம். மத்தியானம் ஆளுங்கள நான் இட்டாரேன். முருகன் அண்ணனுக்கு நான் போன் பண்றேன்.

ஸ்வர்ணலதா: எங்கண்ணனுக்கு நான் இன்னும் சொல்லலை.

கபாலி: எத சொல்லல? நான் எதுவும் கேக்கலக்கா. நீயும் எதுவும் சொல்லாத. நீ வாய தொறந்து சொல்லாத வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது, ஜவஹர் சாருக்கு நான் சொன்னது பொய்யும் இல்ல. டப்பாவ எட்தா.

ஸ்வர்ணலதா: அந்தக் காலைக் கட்டினது ஃபால்ஸ் துணியில கபாலி. வேற துணி கைக்கு அகப்படலை. யாரோ ஆர்டர் குடுத்த புடவையோடது.

கபாலி: அக்கா...

ஸ்வர்ணலதா: காலையில எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது யார் தெரியுமா? ஜவஹர் சார். அழுகை வரலை. ரேடியோவைச் சத்தமா வைக்கணும்னு தோணுச்சு. கை தானாப் போய்த் திருகுது. பக்கத்துல உட்கார்ந்து, இனிமே யார் வீடு தருவாங்கன்னு யோசிச்சிட்டு இருக்கேன். அப்படி ஒருத்தி எனக்குள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாது கபாலி. அவளைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு.

கபாலி: வயித்துப் பொழப்பு அப்டி. எவனா இருந்தாலும் அதத்தான் நெனைப்பான். அழுவுறதுக்கு எவ்ளோ நேரம் வேணா கீதுக்கா, வூடு போனா வராது. நீ ஒண்டியாளு. எங்க போவ? சொல்லு, எங்க போவ?

ஸ்வர்ணலதா: தெரியலை.

கபாலி: தெரியலன்றல்ல? அப்ப போடு. பெரியவரு இருந்தா அவரே போடுன்னுதான் சொல்வாரு.

ஸ்வர்ணலதா: சொல்லுவார். அவர் சொல்லுவார்.

கபாலி: தோ, தெருமுனைல திரும்பிட்டாங்க. வெள்ள சட்ட போட்டவரு கூட ரெண்டு பேரு. அந்தம்மாவும் வருது. தண்ணி வாணாம், சும்மா பொடிய மட்டும் இழு. அக்கா, உன் கால்ல உழறேன். ஒரே ஒரு கோலம்!

ஸ்வர்ணலதா: நீ தள்ளி நின்னுக்கோ கபாலி. விடியும்போது அப்பா போயிட்டார். நான் கோலம் போட மாட்டேன்.